பெயர் சூட்டப்படாத ஒரு காலத்தின் பதிவு: ராபர்ட் ஹன்டரின் இளமைக் குறிப்புகள்

அமெரிக்க ராக் இசைக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் பாடலாசிரியர் ராபர்ட் ஹன்டர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து வெளிவந்த ‘தி சில்வர் ஸ்னார்லிங் டிரம்பெட்’ என்ற நூலை, அந்தக் குழுவின் பாடல்களை அதிகம் கேட்டிராத ஒருவர் படித்து ரசிக்க முடியுமா என்றும், அதை 1960களில் வழக்கமான வாழ்க்கை முறையை மறுத்த அமெரிக்க இளைஞர்களின் எதிர்க்கலாச்சாரத்துக்குத் தொடக்க வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாக முடியும் என்பதே. பாடல்களில் ஊறிய ரசிகர்கள் இந்த நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் பின்னால் வரப்போகும் புகழின் அறிகுறிகளைத் தேடிக்கொண்டே படிப்பார்கள். அந்தத் தேடல் இல்லாதவருக்கு நூல் தன் இயல்பான வடிவில் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல இயலாது. இது வரலாற்று நூல் இல்லை. ஆயினும் அந்தக் காலத்தைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்று நூல்களிடமிருந்து நமக்குக் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. அது எது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு கலைஞரின் நினைவுக் குறிப்புகள் என்றதும் நாம் எதிர்பார்ப்பது, வாழ்க்கையை முடித்துவிட்ட ஒருவர் முதுமையின் மேட்டிலிருந்து இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூலைத்தான். ஹன்டர் 1941 ஜூன் 23 அன்று பிறந்து 2019 செப்டம்பர் 23 அன்று தமது 78ஆம் வயதில் இறந்தார். நூல் 2024 அக்டோபரில் வெளிவந்தது. இந்தத் தேதிகளை மட்டும் பார்ப்பவர், இது அவருடைய கடைசிக் காலத்து எழுத்து என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் இந்தக் கையெழுத்துப் பிரதி 1960களின் தொடக்கத்தில், அவருக்கு இருபதை ஒட்டிய வயது இருந்தபோது எழுதப்பட்டது. விவரிக்கப்படும் நிகழ்ச்சிகளுக்கும் அவை எழுதப்பட்ட நேரத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. கிரேட்ஃபுல் டெட் என்ற பெயர் 1965 இறுதியில்தான் பிறக்கிறது. ‘ஹிப்பி’ என்ற சொல்லும், சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி வட்டாரத்துக்கு இளைஞர்கள் திரண்டு வந்த 1967ஆம் ஆண்டின் கோடையும் இன்னும் எட்டாத தொலைவில் இருக்கின்றன. ஆகவே பின்னாளில் கிரேட்ஃபுல் டெட்டின் கிட்டார் கலைஞராக உலகப் புகழ் பெற்ற ஜெரி கார்சியா, இந்த நூலில் இன்னும் யாரும் அறியாதவர். கையில் காசில்லாத, தங்க இடமில்லாத, கிட்டாரைக் கீழே வைக்க மனமில்லாத பதினெட்டு வயதுப் பையன். அவனைப் பற்றி எழுதுபவனுக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது.

இந்த அறியாமைதான் நூலின் மதிப்புக்கு முதல் காரணம் என்று நான் கருதுகிறேன். பெரும் பெயர் பெற்ற எந்த இயக்கத்தின் தொடக்கமும், பிற்பாடு சொல்லப்படும்போது, அந்தப் பெயரை நோக்கியே நடந்து வந்ததுபோல ஒழுங்குபடுத்தப்பட்டுவிடும். தற்செயலாக நடந்த சந்திப்பு விதியாகிவிடும். வேலையற்றுக் கழிந்த பிற்பகல்கள் தயாரிப்புக் காலமாகிவிடும். வட்டத்திலிருந்து விலகிச் சென்று சாதாரண வாழ்க்கை வாழ்ந்தவர்கள் கதையிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். ஹன்டரின் பிரதியில் இந்தத் திருத்தம் எதுவும் நடக்கவில்லை. பின்னாளில் பெயர் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் அதில் ஒரே அளவு இடம் கிடைக்கிறது. ஒரு காப்பிக் கடை மேசையில் நடந்த வாக்குவாதம், ஒரு கச்சேரியைவிடக் கூடுதலான பக்கங்களைப் பெறுகிறது. அந்த இளைஞர்களுக்கு அன்று எது முக்கியமாக இருந்ததோ அதுவே நூலிலும் முக்கியமாக இருக்கிறது.

நூலின் மையத்தில் இருக்கும் மூவரையும் சற்று அறிமுகப்படுத்த வேண்டும். ஹன்டர் பிறந்தபோது அவர் பெயர் ராபர்ட் பர்ன்ஸ். தந்தை குடும்பத்தை விட்டுச் சென்றபின் சிறுவயதில் சில காலம் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ நேர்ந்தது. தாயின் மறுமணத்துக்குப் பிறகு, பதிப்புத் துறையில் இருந்த மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரான ஹன்டர் அவருக்கு வந்தது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் வளர்ந்து, இடையில் குடும்பத்தோடு கிழக்குக் கரையிலுள்ள கனெக்டிகட் மாநிலத்துக்குப் போய், அங்கே ஓராண்டு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பாதியில் திரும்பியவர். எழுத்தாளராக வேண்டும் என்பது மட்டுமே அவருடைய திட்டம். கார்சியாவின் தந்தை 1947இல், மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, நீரில் மூழ்கி இறந்தார். கார்சியா 1960இல் ராணுவத்தில் சேர்ந்து, அனுமதியின்றி மாயமாவதையே வழக்கமாகக் கொண்டிருந்ததால் அந்த ஆண்டின் இறுதியிலேயே வெளியே அனுப்பப்பட்டவர். மூன்றாமவர் ஆலன் ட்ரிஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர். அவருடைய தந்தை எரிக் ட்ரிஸ்ட், லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற சமூக அறிவியலாளர். பாலோ ஆல்ட்டோவை அடுத்த ஸ்டான்ஃபோர்டில் ஓராண்டு ஆய்வுக்காக அவர் வந்தபோது மகனும் உடன் வந்தார். தந்தையை இழந்த இருவருக்கு நடுவில், நிறையப் படித்த, நிலையான குடும்பத்திலிருந்து வந்த ஒரு வெளிநாட்டு நண்பர் என்ற இந்த அமைப்பே அந்த நட்புக்குத் தனி நிறத்தைக் கொடுத்தது. ஓராண்டுக்குப் பின் ட்ரிஸ்ட் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காலக்கெடு நூல் முழுவதிலும் ஒரு மெல்லிய அவசரத்தைப் படரவிடுகிறது.

இந்த வட்டம் உருவாகும் தருவாயிலேயே ஒரு மரணம் நிகழ்ந்தது. 1961 பிப்ரவரி 20 அன்று இரவு, ஒரு கூடுகையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஸ்டூடிபேக்கர் கார் அதிவேகத்தில் சென்று விபத்துக்குள்ளானது. அதில் இருந்த பால் ஸ்பீகிள் என்ற பதினாறு வயது ஓவியர் உயிரிழந்தார். உடன் இருந்த கார்சியா கண்ணாடியைத் தாண்டி வெளியே வீசப்பட்டுத் தோள் எலும்பு முறிந்தார். ட்ரிஸ்டுக்கும் காயம் ஏற்பட்டது. அந்த வட்டத்தில் மிகவும் திறமைசாலி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டவர் ஸ்பீகிள்தான். தம்முடைய உண்மையான வாழ்க்கை அந்த இரவுக்குப் பிறகே தொடங்கியது என்றும், அதுவரை தமது திறனுக்குக் குறைவாகவே வாழ்ந்துகொண்டிருந்ததாகவும் கார்சியா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஹன்டர் அந்தக் காரில் இல்லை. கார்சியாவை அவர் அறிந்ததே அதன் பிறகுதான், பாலோ ஆல்ட்டோவின் ஒரு சிறு அரங்கில் கார்சியா இசை நாடகம் ஒன்றுக்கு விளக்கு இயக்கிக்கொண்டிருந்த சமயத்தில். நண்பர்களாகச் சேர்ந்தவர்களில் இருவர் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அந்தப் பேச்சுகளில் வெளிப்படும் தீவிரம் வெறும் இளமைப் பாவனை இல்லை என்பது விளங்கும்.

அதன் பிறகான மாதங்களைப் பற்றி ஒரு செய்தி மிகப் பிரபலம். கிழக்கு பாலோ ஆல்ட்டோவில் ஒரு காலிமனையில் அருகருகே நிறுத்தப்பட்ட இரண்டு பழைய கார்களில் ஹன்டரும் கார்சியாவும் குடியிருந்தார்கள். ஹன்டரிடம் ராணுவப் பயிற்சிக் காலத்திலிருந்து மிஞ்சிய அன்னாசிப் பழ டின்கள் இருந்தன. கார்சியாவிடம் பிளாஸ்டிக் கரண்டிகள் இருந்தன. காலை உணவு அப்படித்தான் நடந்தது. ரசிகர்கள் இதைப் புராணம்போலச் சொல்லி மகிழ்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: இவர்கள் பட்டினியால் துரத்தப்பட்டவர்கள் இல்லை. ஹன்டர் நினைத்திருந்தால் கல்லூரிக்குத் திரும்பியிருக்கலாம். அந்தப் பகுதியில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. குறைந்த தேவைகளோடு வாழ்ந்து, மிஞ்சிய நேரம் முழுவதையும் தங்களுக்காக வைத்துக்கொள்வது என்ற முடிவை அவர்கள் எடுத்தார்கள். யாரும் அதைக் கொள்கையாக அறிவிக்கவில்லை, யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆறேழு ஆண்டுகளில் லட்சக்கணக்கான இளைஞர்கள் பின்பற்றப் போகும் ஒரு வாழ்க்கை முறை, இங்கே இரண்டு கார்களின் அளவில் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த முடிவின் பொருள் விளங்க, அவர்கள் எதிலிருந்து விலகினார்கள் என்று பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே நீளும் அந்தத் தீபகற்பத்தில் அப்போது பணம் பெருகிக்கொண்டிருந்தது. 1956இல் வில்லியம் ஷாக்லி மவுண்டன் வியூவில் தமது குறைகடத்தி ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியிருந்தார்; அங்கிருந்து பிரிந்தவர்கள் 1957இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தை உருவாக்கினார்கள்; லாக்ஹீட் நிறுவனம் சன்னிவேலில் ஏவுகணைகள் செய்துகொண்டிருந்தது. பின்னாளில் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்பட்ட நிலம் இதுவே. ஒரு பக்கம் இந்தச் செழிப்பு. இன்னொரு பக்கம் அணு ஆயுதப் போர் எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற அச்சம். கியூபாவின் பிக்ஸ் விரிகுடாப் படையெடுப்பும் பெர்லின் சுவரும் அதே 1961ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள். கட்டாய ராணுவச் சேவை நடைமுறையில் இருந்தது. அது 1973 வரை முடிவுக்கு வரவில்லை. படித்துப் பட்டம் வாங்கி ஏவுகணை நிறுவனத்தில் சேர்வதும், அந்த ஏவுகணைக்கு அஞ்சி வீட்டுத் தோட்டத்தில் பதுங்குகுழி வெட்டுவதும் ஒரே வாழ்க்கையின் இரண்டு பகுதிகளாக இருந்த ஊரில், எதுவும் செய்யாமல் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பது ஒரு பதிலாகத்தான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் இடம் வேண்டும். இந்த நூலிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றில் மிகப் பெரியது இதுதான்: எதிர்க்கலாச்சாரம் என்று நாம் பெரிய சொல்லால் குறிப்பிடுவது, நடைமுறையில், காசு கேட்டு விரட்டாத மூன்று நான்கு இடங்களைச் சார்ந்து நின்றது. அவற்றில் முதலாவது மென்லோ பார்க்கில் ராய் கெப்ளர் நடத்திய புத்தகக் கடை. அதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இசை ரசிகர்கள் அதை ஒரு பின்னணியாக மட்டும் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துவிடுகிறார்கள்.

கெப்ளர் இரண்டாம் உலகப் போரின்போது மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். போருக்குப் பின் அமைதி இயக்கங்களிலும், அமைதிவாதிகள் பெர்க்லியில் 1949இல் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ வானொலியிலும் பணியாற்றியவர். 1955இல் அவர் திறந்த கடை, மலிவுப் பதிப்புகளை முதன்மையாக விற்றது. மதிப்புள்ள கடைகள் மெல்லட்டைப் புத்தகங்களை மருந்துக் கடைச் சரக்கு என்று ஒதுக்கிய காலம் அது. தத்துவமும் கவிதையும் அரசியலும் மாணவர்கள் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது இந்தப் புத்தகங்களால்தான். சான் பிரான்சிஸ்கோவில் 1953இல் தொடங்கப்பட்ட சிட்டி லைட்ஸ் கடையும் இதே வழியில் நடந்தது. கெப்ளரோடு அந்தக் கடையில் பல ஆண்டுகள் இருந்தவர் ஐரா சாண்ட்பெர்ல். காந்தியின் எழுத்துகளில் தோய்ந்தவர். பாலோ ஆல்ட்டோவில் பள்ளி மாணவியாக இருந்த, பின்னாளில் பாடகியாகப் புகழ்பெற்ற ஜோன் பயெஸுக்கு அகிம்சையை அறிமுகப்படுத்தியவர். பின்னர் 1965இல் அவரோடு சேர்ந்து கார்மெல் பள்ளத்தாக்கில் அகிம்சைக் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கியவர். ஹன்டரும் கார்சியாவும் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த கடையில், கல்லாவுக்குப் பின்னால் இருந்தவர்கள் இப்படிப்பட்ட காந்தியர்கள். கார்சியா கடையின் ஒரு மூலையில் மணிக்கணக்கில் கிட்டார் பயிற்சி செய்வார், இளைஞர்கள் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு வாங்காமலே வைத்துவிடுவார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இளைஞர்கள் அமைதி இயக்கத்தில் சேரவில்லை என்பதும் உண்மை. 1960 மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில், நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்றை எதிர்த்துத் திரண்ட மாணவர்களை நீர்ப்பீய்ச்சிக் குழாய்களால் அடித்து விரட்டிய நிகழ்ச்சி அந்தப் பகுதியையே அரசியல்படுத்தியிருந்தது. ஹன்டரின் நண்பர்களிடம் அந்த அரசியல் ஆவேசம் தென்படவில்லை. ஆனாலும் ஒருவனைக் கட்டாயப்படுத்தாமல் இருக்கவிடுவது என்ற கெப்ளரின் அறம் அவர்களுக்குள் இறங்கியிருந்தது என்றே நினைக்கிறேன். தலைவரே இல்லாத ஒரு குழுவாக கிரேட்ஃபுல் டெட் முப்பது ஆண்டுகள் இயங்கியதற்கு, வேறெதையும்விட இந்தக் கடையில் கழிந்த நாட்களே நல்ல விளக்கம்.

இரண்டாவது இடம், பாலோ ஆல்ட்டோவின் யுனிவர்சிட்டி அவென்யூவில் வெர்னன் கேட்ஸ் 1959இல் திறந்த செயின்ட் மைக்கேல்ஸ் ஆலி என்ற காப்பிக் கடை. ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு மாலை முழுவதும் பேசலாம். மூன்றாவது, மென்லோ பார்க்கில் சாட்டோ என்று அவர்கள் செல்லமாக அழைத்த பெரிய பழைய வீடு. அறைகள் சொற்ப வாடகைக்குக் கிடைத்தன, கார்களைக் கைவிட்டபின் நண்பர்கள் பலர் அங்கே ஒண்டினார்கள். ஸ்பீகிளின் கடைசி இரவு தொடங்கியதும் அங்கே நடந்த கூடுகையில்தான்.

இந்த இடங்களில் என்ன நடந்தது என்று கேட்டால், பேச்சு என்பதுதான் முழுமையான விடை. நூலில் கதைப்பின்னல் கிடையாது. யாரோ வருகிறார்கள், ஒரு கருத்தைத் தூக்கிப் போடுகிறார்கள், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள், விவாதம் காப்பிக் கடையிலிருந்து காருக்கும் காரிலிருந்து சாட்டோவுக்கும் நகர்கிறது, விடிகிறது. இடையிடையே ஹன்டர் தாம் கண்ட கனவுகளை நீளமாக விவரிக்கிறார். சில வாசகர்களுக்கு இந்தப் பகுதிகள் பொறுமையைச் சோதிக்கும். அடுத்தவர் கனவைக் கேட்பதில் நமக்குள்ள தயக்கம் இயல்பானது. எனக்கு அவை நூலின் அச்சாணியாகவே தோன்றின. பகலில் நண்பர்களோடு பேசும் ஹன்டர் கூச்சமும் தற்காப்பும் உள்ளவர், கேட்பவர், கவனிப்பவர். கனவுகளிலோ காட்சிகள் தாமாகவே ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன, அவற்றுக்கு விளக்கம் தர அவர் முற்படுவதில்லை. படிமத்தை முன்வைத்துவிட்டு விலகிக்கொள்ளும் இந்தப் பழக்கம் பின்னாளைய பாடல்களின் இலக்கணமாகவே ஆகிவிடுகிறது.

இங்கே காலவரிசையை வலியுறுத்த வேண்டும். அந்தத் தலைமுறையின் கனவுத் தன்மைக்கெல்லாம் போதைப்பொருளே காரணம் என்று சொல்லிவிடுவது எளிய பழக்கமாகிவிட்டது. ஹன்டர் எல்.எஸ்.டி.யை முதலில் உட்கொண்டது 1962இல், மென்லோ பார்க்கின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில். மத்திய உளவு நிறுவனம் மறைமுகமாகப் பணம் அளித்த ஆய்வு ஒன்றில், கூலி பெறும் தன்னார்வலராக அவர் கலந்துகொண்டார். வாரத்துக்கு ஒன்றாக நான்கு அமர்வுகளில் எல்.எஸ்.டி., சிலோசைபின், மெஸ்கலின் ஆகியவை கொடுக்கப்பட்டன. தட்டச்சு இயந்திரத்தை உடன் எடுத்துச் சென்று, மயக்கத்தின் நடுவே தமக்குத் தோன்றியதைப் பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். நாவலாசிரியர் கென் கீசியும் அதே மருத்துவமனையின் சோதனைகளில் ஈடுபட்டவர்தான். எல்.எஸ்.டி. உட்கொண்டு இசையோடு கூடும்படி கீசி 1965இல் தொடங்கிய ‘ஆசிட் டெஸ்ட்’ கூடுகைகளில்தான் கிரேட்ஃபுல் டெட் வாசித்துப் பழகியது. இவையெல்லாம் நூல் சித்திரிக்கும் 1961ஆம் ஆண்டு வசந்தத்துக்கும் கோடைக்கும் பிற்பட்டவை. மருந்து வருவதற்கு முன்பே அந்தப் பேச்சு இருந்தது, கனவு இருந்தது, ஒன்றாக வாழும் பழக்கம் இருந்தது. அரசாங்கம் மறைமுகமாகக் கொடுத்த மருந்து அவற்றை வேகப்படுத்தியிருக்கலாம்; அவற்றை உண்டாக்கவில்லை. இதைக் கண்முன் காட்டும் சாட்சியமாகவும் இந்த நூலை மதிக்கிறேன்.

இவர்களுக்கும், இவர்களுக்கு முன் 1950களில் மரபை மீறி எழுதிய பீட் தலைமுறை எழுத்தாளர்களுக்கும் உள்ள தொடர்பும் நூலில் தெளிவாகவே தெரிகிறது. கார்சியா பதின்ம வயதில் சான் பிரான்சிஸ்கோவின் ஓவியக் கல்லூரியில் வாலி ஹெட்ரிக்கிடம் வார இறுதி வகுப்புகளில் படித்தவர். 1955இல் ஆலன் கின்ஸ்பெர்க் தமது நெடுங்கவிதையை முதன்முதலில் வாசித்த சிக்ஸ் காலரியை நிறுவியவர்களில் ஹெட்ரிக்கும் ஒருவர். ஜாக் கெரோவக்கின் புகழ்பெற்ற நாவல் 1957இல் வந்தது. பாலோ ஆல்ட்டோவின் பிள்ளைகள் அவற்றைப் படித்துவிட்டு வளர்ந்தவர்கள். ஆனால் பீட் எழுத்தாளர்களிடம் இருந்த கசப்பும் பயணத் தவிப்பும் இவர்களிடம் குறைவு. இவர்கள் ஓடுவதைவிடக் கூடியிருப்பதையே விரும்பினார்கள். பீட் தலைமுறை முடிந்து ஹிப்பிகள் தொடங்கும் இடைவெளி என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் தாண்டிச் செல்லும் காலத்துக்கு இங்கே முகங்களும் குரல்களும் கிடைக்கின்றன.

இனி நூலின் குறைகளைச் சொல்ல வேண்டும். இருபது வயது எழுத்தாளரின் மிகை எங்கும் இருக்கிறது. ஒரு பெயரடை போதுமான இடத்தில் மூன்று வருகின்றன. நண்பனின் சாதாரண வாக்கியத்துக்கு அண்டப் பொருள் கற்பிக்கப்படுகிறது. தலைப்பே ஜான் கீட்ஸின் கவிதை வரி ஒன்றிலிருந்து எடுத்தது என்பது அந்த வயதின் இலக்கிய ஆசையைக் காட்டுகிறது. உரையாடல்கள் பக்கக் கணக்கில் வருகின்றன. ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் எவரும் அவ்வளவையும் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால், அவற்றை எழுத்தாளரின் ஆக்கம் என்று கொள்வதே முறை. யார், எந்தத் தேதியில், எங்கே என்ற விவரங்களுக்காக இதை மேற்கோள் காட்டுவது தவறாகிவிடும். வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொன்னதன் பொருள் இதுவே.

இன்னொரு குறை ஆழமானது. இந்த வட்டத்தின் பேச்சில் ஆண்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. பெண்கள் பெரும்பாலும் கேட்பவர்களாகவும் காதலிக்கப்படுபவர்களாகவும் வருகிறார்கள். அந்தக் காலத்தின் மற்றக் கலகக்காரர்களும் இப்படித்தான் இருந்தார்கள் என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது. அந்த வட்டத்தில் பதினைந்து வயது மாணவியாக நுழைந்த பார்பரா மெயர், மாடலாக வேலை செய்து ஈட்டிய பணத்தில் கார்சியாவுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்தவர். பின்னாளில் கவிஞராகி, பிரிஜிட் மெயர் என்ற பெயரில் எழுதி வருபவர். அவருடைய பின்னுரை இந்த நூலில் இணைக்கப்பட்டிருப்பது பதிப்பாசிரியர்கள் செய்த மிகச் சரியான காரியம். அறுபது ஆண்டுகள் வாழ்ந்து பார்த்த ஒரு பெண்ணின் பார்வை, அந்த இளைஞனின் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் படம் முழுமையடைகிறது. குழுவின் வரலாற்றாசிரியர் டெனிஸ் மெக்நாலியின் அறிமுகம் பெயர்களையும் இடங்களையும் புரிந்துகொள்ள உதவுகிறது; குழுவின் எஞ்சிய உறுப்பினர்களோடு பிற்காலத்தில் வாசித்த ஜான் மேயரின் முன்னுரையும் இருக்கிறது.

பாடலாசிரியர் ஹன்டரை அறிந்தவர்களுக்கு இந்த இளமை என்ன சொல்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1961 மே மாதத்தில் ‘பாப் அண்ட் ஜெரி’ என்ற பெயரில் இருவரும் நாட்டுப்பாடல்கள் பாடினார்கள். மெயரின் பதினாறாம் பிறந்தநாள் விருந்தில் அவர்கள் பாடியதன் ஒலிப்பதிவு தப்பிப் பிழைத்து, 2018இல் வெளிவந்த கார்சியாவின் ஆரம்பகாலத் தொகுப்பின் தொடக்கத்தில் இடம்பெற்றிருக்கிறது. கார்சியாவின் இசை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று ஹன்டர் விரைவிலேயே உணர்ந்து வாசிப்பிலிருந்து ஒதுங்கினார். 1967இல் நியூ மெக்சிகோவிலிருந்து அவர் தபாலில் அனுப்பிய பாடல்களைக் குழு பயன்படுத்திக்கொண்டு அவரைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ரியோ நீடோ என்ற சிற்றூரில் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்டபடியே ‘டார்க் ஸ்டார்’ பாடலின் முதல் வரிகளை எழுதினார். அதாவது ஆறு ஆண்டுகளுக்கு முன் காப்பிக் கடையில் அவர் ஏற்றிருந்த அதே பாத்திரம்: அறையின் ஓரத்தில் அமர்ந்து நண்பர்களைக் கேட்பவர், பிறகு அதைச் சொல்லாக்குபவர். 1970இல் வெளிவந்த ‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ ஆகிய இரு தொகுப்புகளில் அந்தப் பாத்திரம் உச்சத்தை அடைந்தது. மேடையேறாத அவரையும் குழுவின் உறுப்பினராகவே சேர்த்து 1994இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் கௌரவித்தது.

பாடல்களுக்குப் பொருள் சொல்லும்படி கேட்டபோதெல்லாம் ஹன்டர் பெரும்பாலும் மறுத்தே வந்தார். இந்த நூலைப் படித்தபின் அந்த மறுப்பு எனக்குப் புதிதாக விளங்கியது. 1961இன் பேச்சில் யாரும் முடிவுக்கு வந்ததில்லை. ஒரு கருத்தை முடித்துவைப்பது நட்பையே முடித்துவைப்பதுபோல அவர்களுக்குப் பட்டது. வரிகளைக் கேட்பவர் தமது பொருளை இட்டு நிரப்பும்படி விட்டுவைப்பது அந்த மேசையிலிருந்து வந்த மரியாதை. ட்ரிஸ்டும் 1970இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து, குழுவின் பாடல் உரிமைகளை நிர்வகிக்கும் பதிப்பகமான ஐஸ் நைனைப் பல்லாண்டுகள் நடத்தினார் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்: எழுதியவர், இசையமைத்தவர், அந்தப் பாடல்களைப் பாதுகாத்தவர் ஆகிய மூவரும் அதே 1961ஆம் ஆண்டின் நண்பர்கள். 1995 ஆகஸ்டில் கார்சியா இறந்தபோது, இறுதிச் சடங்கில் ஹன்டர் இரங்கற்கவிதை வாசித்தார். இளமையில் அவர் எழுதிவைத்த அந்த நண்பனின் சித்திரத்தையும் இந்த இரங்கற்கவிதையையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, முப்பத்து நான்கு ஆண்டுகளின் உறவு இரண்டு முனைகளிலிருந்தும் தெரியும். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் ‘டுயினோ இரங்கற்பாக்க’ளை ஹன்டர் 1987இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது, இழப்பைப் பாடுவதில் அவருக்கு நீண்ட பயிற்சி இருந்தது.

எப்படிப் படிப்பது என்று கேட்பீர்களானால், முன்னுரையையும் அறிமுகத்தையும் முதலில் தவிர்த்துவிட்டு நேரடியாக ஹன்டரின் பிரதிக்குள் செல்லுங்கள். பெயர்கள் குழப்பினால் குழப்பட்டும். அந்த இளைஞர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் அறிந்துகொண்டார்கள். கனவுப் பகுதிகளில் சோர்வு தட்டினால் அடுத்த உரையாடலுக்குத் தாவிவிட்டுப் பிறகு திரும்பி வரலாம். பிரதி முடிந்ததும் மெயரின் பின்னுரையைக் கட்டாயம் படியுங்கள், அதன் பிறகு மெக்நாலியின் அறிமுகத்துக்கு வாருங்கள். தேதிகளும் ஆதாரங்களும் வேண்டுமென்றால் மெக்நாலி 2002இல் வெளியிட்ட குழுவின் வரலாற்று நூலின் தொடக்க அத்தியாயங்கள் இதே காலத்தை முறையாக விவரிக்கின்றன. பாடல்களை இதுவரை கேட்டிராதவர் என்றால், 1970ஆம் ஆண்டின் இரண்டு தொகுப்புகளை நூலை முடித்த பிறகே கேட்கும்படி சொல்வேன். அவை எழுதப்பட்ட மொழி எந்த மேசையில் பழகப்பட்டது என்று தெரிந்துகொண்டு கேட்கும் வாய்ப்பு, அந்தப் பாடல்களோடு வளர்ந்த எங்களுக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.